மூன்று முறை சர்வீஸுக்குப் போன புது போன்: இன்னும் 6,800 ரூபாய் கட்டத்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், கடை, போன் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 41. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். அளவு, டிசைன் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், பணம் யுபிஐயில் வரும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் 18,499 ரூபாய்க்குப் புது போன் வாங்கினார். கையிலிருந்து 3,499 கட்டி, மீதி 15,000-க்கு மாதம் 2,500 வீதம் ஆறு தவணை. லோன் அவருக்குக் கிடைக்காததால் தம்பி பெயரில் போட்டார்கள், அதனால் பில்லும் தம்பி பெயரில். கடையிலேயே 300 ரூபாய் வாங்கிக்கொண்டு திரைக்கு யுவி கிளாஸ் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காம் நாளே கோளாறு. போனை மிஷின் மேல் வைத்துவிட்டுத் துணி வெட்டிக்கொண்டிருப்பார், யாரும் தொடாமலேயே திரை ஓடும், வாட்ஸ்அப் திறக்கும், மூடும். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்குத் தானாகவே வீடியோ கால் போயிருக்கிறது. அந்த வீட்டில் பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று எழுதும்போது அவருடைய எழுத்தே கூனிக் குறுகுகிறது. கோளாறு தெரிந்த நான்காம் நாளே கடைக்கு வீடியோ அனுப்பியிருந்தார். "அப்டேட் வரும், சரியாயிடும், ஒரு வாரம் பாருங்க" என்று பதில் வந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால், மாற்றிக் கொடுக்க ஏழு நாள்தான் டைம், இனிமேல் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். முதல் முறை சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை 12 நாள் வைத்திருந்து போர்டு மாற்றினார்கள். மூன்றாம் முறை, "கிளாஸ் ஒட்டிய பசை உள்ளே இறங்கியிருக்கிறது, வாரண்டியில் வராது, டிஸ்பிளேக்கு 6,800 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பணத்தைக் கட்டிவிடலாமா? தம்பி சொல்வதுபோல் மீதி மூன்று தவணையை நிறுத்திவிடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல் போலீஸில் கொடுக்கலாமா? பில் என் பெயரில் இல்லை, போனைத் தொழிலுக்கு வேறு பயன்படுத்துகிறேன், எனக்கு நுகர்வோர் வழக்குப் போட உரிமையே கிடையாது என்கிறார்களே, உண்மையா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த 6,800 ரூபாயை இப்போதைக்குக் கட்டாதீர்கள். பர்மா பஜாரிலோ வேறெங்கோ கொடுத்துப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பழுதான போன்தான் இந்த விவகாரத்தில் முக்கியமான சாட்சி. காசு கொடுத்து டிஸ்பிளேயை மாற்றிவிட்டால் பழைய டிஸ்பிளே போய்விடும், பழுதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? வெளியில் பிரித்துவிட்டாலோ, "வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள்" என்று கம்பெனி ஒரே வரியில் தப்பித்துவிடும். இந்த ஒரு காரணத்தால் நல்ல வழக்கு கெட்டுப்போவதைப் பார்த்து நொந்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தவணையை நிறுத்தாதீர்கள்

தம்பி கோபத்தில் சொல்கிறார், அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் போனை விற்றது கடை, கடன் கொடுத்தது ஃபைனான்ஸ் கம்பெனி, இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். போன் ஓடவில்லை என்பது ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் காரணமே ஆகாது. தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால், ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பக்கம், பேங்க் ஒரு பக்கம் என்று அபராதம் போடுவார்கள். அதைவிட மோசம், கடன் தம்பி பெயரில் இருப்பதால் அடி விழுவது அவருடைய சிபில் ஸ்கோருக்கு. நாளைக்கு அவர் ஒரு வண்டிக்கோ வீட்டுக்கோ லோன் கேட்டால், இந்த 7,500 ரூபாய் பாக்கி வந்து குறுக்கே நிற்கும். மூன்று தவணையையும் ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். கட்டிய ரசீதுகள் பிறகு உங்களுக்கே பயன்படும், ஏனென்றால் போனின் விலையைத் திருப்பிக் கேட்கும்போது முழுத் தொகையும் கொடுத்ததற்கு அதுதான் ஆதாரம்.

போலீஸ் ஸ்டேஷன் விஷயமும் அப்படித்தான். பழைய போனைப் புதிது என்று விற்றிருந்தாலோ, போலி போனாக இருந்தாலோ அது ஏமாற்று வேலை, போலீஸுக்குப் போகலாம். நல்ல கம்பெனியின் போனில் பழுது என்றால் அது நுகர்வோர் சட்டத்தில் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனாலும் ஒரு சோதனை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய தனி அடையாள எண் வரும். அது பெட்டியில் இருக்கும் எண்ணோடும் பில்லில் இருக்கும் எண்ணோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தப் போனின் விவரம் அரசுப் பதிவிலிருந்து வரும். மூன்றும் ஒத்துப்போனால் போலீஸ் பேச்சை விட்டுவிடலாம். போர்டு மாற்றியதால் போனில் காட்டும் எண் மட்டும் மாறியிருக்கவும் கூடும். அப்படியானால் பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டாம் முறை கொடுத்த ஜாப் ஷீட்டில் (பழுதையும் செய்த வேலையையும் எழுதி சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.

பில் தம்பி பெயரில், பயன்பாடு தொழிலுக்கு: இரண்டும் தடையில்லை

உங்களுக்குச் சொன்னவர்கள் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(7) பிரிவில், பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்கிறது. தம்பி வாங்கி, நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். இருந்தாலும் என் யோசனை, மனுவில் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் நுகர்வோர் என்ற வாதத்திலேயே எதிர்த்தரப்பு நாலு வாய்தாவை ஓட்டாமல் இருக்கும்.

வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த வியாபார நோக்கத்தில் வராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்துப் பிழைக்கும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த வரியே இருக்கிறது. கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். மனுவில் தயங்க வேண்டாம், தொழிலை அப்படியே எழுதுங்கள், போன் கெட்டதால் எந்தெந்த ஆர்டர் கைவிட்டுப் போனது என்பதையும் சேர்த்து.

"பசை இறங்கிவிட்டது" என்ற பதில் நிற்குமா?

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு மூன்று முறை திரும்பப் படித்த இடம் இது. யுவி கிளாஸ் ஒட்டும்போது நீர் மாதிரி ஒரு பசையைத் திரையில் ஊற்றி, மேலே கண்ணாடியை வைத்து, ஊதா விளக்கில் காட்டி இறுக்குவார்கள். அந்தப் பசை ஸ்பீக்கர் ஓட்டையிலோ பட்டன் இடுக்கிலோ இறங்கிப் பழுதாக்கலாம் என்பது உண்மைதான், போன் கம்பெனிகளே இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. ஆகவே சர்வீஸ் சென்டர் சொன்னது வெறும் சாக்கு என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

ஆனால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கிளாஸ் ஒட்டியது வாங்கிய அன்று. பசைதான் காரணம் என்றால் முதல் முறை போனபோது அதை ஏன் பார்க்கவில்லை, சாஃப்ட்வேர் போட்டு ஏன் அனுப்பினார்கள்? இரண்டாம் முறை போனைப் பிரித்து போர்டையே மாற்றினார்களே, உள்ளே இறங்கிய பசை 12 நாளில் ஒருவர் கண்ணிலும் படவில்லையா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அந்தக் கிளாஸை ஒட்டியது யார்? போனை விற்ற கடையே, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு. அப்படியானால் பழுது தயாரிப்பில் என்றால் கம்பெனி பொறுப்பு, பசையால் என்றால் கடை பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் உங்கள் தலையில் விடிய வேண்டிய செலவு இல்லை இது. அதனால்தான் கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கச் சொல்கிறேன். ஒருவரை விட்டுவிட்டால், விட்டுப்போனவர் மேல் பழியைப் போட்டு மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். அந்த 300 ரூபாய்க்கு பில் இல்லை என்கிறீர்கள். யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே போதும், தேடி எடுங்கள்.

இங்கே நீங்கள் எனக்கும் உங்களுக்கும் உண்மையாக இருக்க வேண்டும். போன் ஒருமுறையாவது கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா? பல போன்களில் சிம் தட்டு செருகும் இடத்துக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும், சர்வீஸ்காரர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். தண்ணீர் பட்டதால் வரும் பழுது பொதுவாக வாரண்டியில் வராது, பெட்டியில் ஐபி54 என்று போட்டிருந்தாலும் சரி. அது லேசான தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான தரம், நனைந்தால் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்ற வாக்கு கிடையாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், வழக்கின் பாதையே வேறு மாதிரி இருக்கும்.

ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார்களே

ஏழு நாளோ பத்து நாளோ, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. அந்தக் கெடு முடிந்ததும் உங்கள் உரிமையும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. விற்ற பொருள் பழுது என்று தெரிந்த பிறகும், பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், பில்லில் கெடுவே இல்லையென்றால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2(47) பிரிவு சொல்கிறது. பில்லின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள், பொடி எழுத்தில் ஏதாவது கெடு இருக்கிறதா என்று. ஏழு நாள் என்றே போட்டிருந்தாலும் நீங்கள் சொன்னது நான்காம் நாள். "ஒரு வாரம் பாருங்க" என்று கெடுவைத் தாண்ட வைத்தது கடை. அந்த வாட்ஸ்அப் பதில் தங்கம் மாதிரி, சகோதரி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல், முழு உரையாடலையும் உங்கள் மெயிலுக்கு ஏற்றுமதி செய்துவிடுங்கள், தானாகவே எதையாவது திறந்து எதையாவது அழிக்கும் போனில் மட்டும் அது இருக்கக் கூடாது.

ஒரு மனக்கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று முறை பழுதானால் சட்டப்படி புது போன் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு எண்ணிக்கை சட்டத்தில் இல்லை. 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றினால் போதும், வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் எடுத்து வைப்பார். நம் பதில், பாகத்தை மாற்றியும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது, இப்போது மாற்றித் தரவும் மறுக்கிறார்கள் என்பது. இந்தப் பதிலுக்கு வலு கொடுப்பது ஜாப் ஷீட்டுகள். முதல் முறை ஷீட் வாங்கவில்லை என்கிறீர்கள். பரவாயில்லை, போனைக் கொடுத்த அன்று பதிவு எண்ணோடு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும், தம்பியின் நம்பருக்கும் வந்திருக்கலாம். அதை வைத்து சர்வீஸ் சென்டரில் பழைய ஷீட்டின் நகலைக் கேளுங்கள், வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வீடியோ முதலில். இன்னொருவர் போனில் எடுங்கள். போனை மேஜையில் வையுங்கள், சார்ஜர் செருகியிருக்கக் கூடாது, ஏனென்றால் மட்டமான சார்ஜரால் கூட டச் தானாக ஓடும், அதைக் காரணம் காட்ட இடம் தர வேண்டாம். திரையைத் துடையுங்கள். முதலில் *#06# எண் தெரிய வேண்டும், அதன் பிறகு யாரும் தொடாமல் திரை ஓடுவது தெரிய வேண்டும், நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக. முடிந்தால் படம், காண்டாக்ட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து, எந்த ஆப்பும் ஏற்றாமல் இன்னொரு முறை எடுங்கள். "ஏதோ ஆப்பால் வருகிறது" என்று பிறகு சொல்ல முடியாது.

அடுத்து, வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். "பசை இறங்கியதால் வாரண்டி இல்லை, 6,800 ரூபாய்" என்பதை ஜாப் ஷீட்டிலேயே எழுதி, முத்திரையோடு, உள்ளே எடுத்த படத்தோடு தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே அன்றைக்கே கம்பெனியின் புகார் மெயிலுக்கு எழுதிவிடுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகார் பதிவாகியிருப்பது பின்னால் பெரிய துணை.

பிறகு 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் கடையில் மதிக்காத புகாரைக் கம்பெனியின் மேல்மட்டம் எடுத்துப் பார்ப்பது இந்த வழியில் நடக்கிறது. செலவில்லை, புகார் எண் கிடைக்கும், ஆகவே தவறவிடாதீர்கள். கூடவே கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம்: வாங்கிய தேதி, மூன்று சர்வீஸ் தேதிகள், இப்போதைய மறுப்பு, வேறு போன் அல்லது முழுப் பணம், 15 நாள் கெடு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், திட்டு ஒரு வார்த்தை கூட வேண்டாம்.

இதற்கும் அசையவில்லை என்றால்

சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ பார்த்துத்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம், நீங்களே வாதாடலாம். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு இருக்கிறது, ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.

தயாரிப்புக் குறை என்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், இதில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். நேரில் பார்த்துத் தீர்மானிக்க முடியாத பழுது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மனு போடும்போதே அந்தச் சோதனையைக் கேட்டு ஒரு மனுவையும் சேர்த்துப் போடுங்கள். ஆய்வுக்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரலாம், அதற்குக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? எதிர்த்தரப்புக்கு ஆணையத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பழுதை நீக்கித் தரவோ, போனை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, மேலே நஷ்டஈடும் வழக்குச் செலவும் கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள், 18,499 ரூபாய் போனுக்கு அப்படிக் கொடுக்க மாட்டார்கள். நியாயமாகக் கேளுங்கள், கணக்கோடு கேளுங்கள். நடுவில் கம்பெனி சமரசத்துக்கு வந்து புது போன் தருகிறேன் என்றால், என்னைக் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், புது வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுதி வாங்கிக்கொண்டு.

அதுவரைக்கும் தொழில் நிற்கக் கூடாது இல்லையா? சிம்மை எடுத்து வீட்டில் இருக்கும் பழைய போனில் போடுங்கள், பையனிடம் சொல்லி யுபிஐயை அதில் மாற்றுங்கள். யாரும் தொடாமலேயே திறக்கும் போனில் பேங்க் ஆப் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது, முதல் வேலையாக அதை நீக்கிவிடுங்கள். பழுதான போனை அணைத்து, பெட்டி, பில், சார்ஜர், அந்த 300 ரூபாய் கிளாஸின் உறை இருந்தால் அதையும் சேர்த்து ஒரு பையில் போட்டு பீரோவில் வையுங்கள். நோட்டீஸுக்குப் பதில் வந்தால் பிரித்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாமல் அந்தப் பையிலேயே போட்டு வைத்து, எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.